அறுபத்திரண்டு நாள்

ஒரு விடுகதை. பெட்டிக்குள் இருக்கும், பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் தெரியாது. அது விழித்தால்தான் பெட்டி விழிக்கும். அதை விரட்டிவிட்டு இன்னொன்றைக் குடிவைக்கலாம். ஆனால் அவசரப்பட்டு விரட்டினால் வீட்டுச் சாமான் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். அது என்ன?

கணினியின் இயங்குதளம்.

இந்த விடை நன்றாகத் தெரிந்த சீடர்கள் இரண்டு பேர் ஒரு மடத்தில் இருந்தார்கள். மடத்துப் பள்ளிக்கு ஒரே ஒரு கணினி. அதனால்தான் சண்டை.

அம்பலவாணன் கொதித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தான். குரு அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஆனாலும் எல்லாரையும் போல அவனும் அவரை அம்மா என்றுதான் அழைப்பான்.

"அம்மா, இன்றைக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். லினக்ஸா, விண்டோஸா?"

பின்னாலேயே சூசைராஜ் வந்தான்.

"விண்டோஸ்தான் அம்மா. நாளைக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடத்தில் அதுதான் இருக்கும். பிரிண்டரைச் செருகினால் ஓடும்."

"வைரஸும் கூடவே ஓடும்!" என்றான் அம்பலவாணன். "லினக்ஸ் இலவசம். நம்முடைய பழைய பெட்டியிலும் மூச்சு வாங்காது."

"ஆமாம், ஒரு எழுத்துரு சேர்க்க ஒரு நாள் தவம் இருக்கணும்."

"உனக்குத் தவமே வராதேப்பா!"

"மேக் எப்படி?" என்று கேட்டார் குரு.

"அழகு அம்மா. ஆனால் அதை வாங்க மடத்தை விற்கணும்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்று அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

குரு கஞ்சியைக் கிண்டினார்.

"கடைசியாகப் பெட்டியை அழித்தது யார்?"

"நான்தான். செவ்வாய்க்கிழமை," என்றான் அம்பலவாணன். "இவன் போட்ட விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். மூன்று மாதம் முன்னால் என்னுடையதை இவன் அழிக்கவில்லையா?"

"உள்ளே என்ன இருந்தது?"

"பிள்ளைகள் கிறுக்கியது."

"பார்த்தாயா?"

"அது என் வேலையா அம்மா? வேண்டியவர்கள் பிரதி எடுத்து வைத்திருக்கணும்."

குரு கையை நீட்டினார்.

"உன் முடிவுக்கு ஆதாரம்?"

இதற்காகவே காத்திருந்தவன்போல அவன் ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தான்.

"எல்லாம் இதில் இருக்கிறது. மூன்று இயங்குதளங்கள், நூற்றுப்பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பத்தொன்பது நாள் உட்கார்ந்து செய்தேன்."

குரு அதை அடுப்புக்குள் போட்டார்.

பிளாஸ்டிக் உருகி நாறியது. அம்பலவாணன் இடுக்கியைத் தேடினான். கிடைக்கவில்லை.

"என்ன காரியம் செய்தீர்கள்!" அவன் கத்தியதில் சூசைராஜ் இரண்டடி பின்வாங்கினான். "பத்தொன்பது நாள் உழைப்பு! உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா?"

"பிரதி இருக்குமே?"

அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான்.

"இல்லை."

"நம் பள்ளிப் பிள்ளை பூவரசியின் தம்பிக்கு வலிப்பு வரும்," என்றார் குரு. "எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று குறித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மருத்துவர். அதைப் பார்த்துத்தான் வெள்ளிக்கிழமை மருந்தை மாற்றப்போகிறார். அவள் கணினியில் கட்டம் போட்டு எழுதினாள். அறுபத்திரண்டு நாள்."

அடுப்பில் விறகு வெடித்தது.

"வெளியே நிற்கிறாள். கூப்பிடு."

பூவரசி வந்தாள். பதினோரு வயது. அழுது முடித்த முகம் இல்லை. அழவே மறுத்த முகம்.

"தெரியாமல் செய்துவிட்டேன், கண்ணு," என்றான் அம்பலவாணன். "இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி எழுதிவிடலாம்."

"போன வாரம் வந்ததெல்லாம் சொல்லுவேன். முதல் மாசம் எனக்கு ஞாபகம் இல்லை," என்றாள் அவள். "உங்களுக்கு இருக்கா?"



"பெட்டியில் எது இருக்கணும், நீ சொல்," என்றார் குரு பூவரசியிடம்.

"இப்போ எது இருக்கு?"

"லினக்ஸ்," என்றான் சூசைராஜ், மெதுவாக.

"அதுவே இருக்கட்டும். இன்னொரு தடவை அழிக்க வேண்டாம்."

அவள் கணினி அறைக்குப் போனாள். கடவுச்சொல்லை மாற்றினாள். இருவரிடமும் சொல்லவில்லை.