தொடையில் ஒரு பட்டு நூல்

எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் என்றே வைத்துக்கொள்வோம். பரிதிவேல் ராஜாவும் பக்கத்து நாட்டு ராஜா கோமாறனும் தோளோடு தோள் நின்று, இருவரையும் விழுங்க வந்த ஒரு பொல்லாத பேரரசனை முறியடித்தார்கள். பாசறையில் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள். போர் முடிந்ததும் வந்தது வினை. வென்ற ஊரில் விளையும் நெல் அவரவர் குதிருக்கே என்றார் பரிதிவேல். எல்லாம் பொதுக் களஞ்சியத்துக்கே என்றார் கோமாறன். என் வழிதான் தர்மம் என்று இருவரும் முறுக்கிக்கொண்டு ஊர் நடுவே சுவரே எழுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டாரா பரிதிவேல்? "கோமாறன் நாட்டிலிருந்து வந்த ஆளோ பொருளோ எதுவும் நாளை பொழுது சாய்ந்தபின் இங்கே இருக்கக் கூடாது!" என்று ஆணையிட்டார்.

அரசவை விகடன் சாத்தையன் மேல் வயிறெரிந்துகொண்டிருந்த மந்திரி குணபாலருக்கு வாயெல்லாம் பல். "அரசே, சாத்தையனே இதை நிறைவேற்றட்டும். அவர் மனைவி பொன்னாயி அந்நாட்டுப் பெண்தானே?"

"ஆகட்டும்" என்றார் அரசர்.

"உங்க ராஜாவுக்குப் புத்தி பிசகிப்போச்சா? நான் இல்லாம ஒருவேளைக் கஞ்சி வச்சுக் குடிப்பீங்களா நீங்க?" என்று பொன்னாயி கண் கலங்கினாள். அவள் இல்லாத வீட்டை நினைக்கவே சாத்தையனுக்குப் பொறுக்கவில்லை.

"மூட்டை கட்டாத. வைத்தியர் வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

மறுநாள் கத்தரிக்கோலோடு அரண்மனை வைத்தியரையும் சபைக்கு அழைத்து வந்தான்.

"அரசே, தங்கள் வேட்டியைச் சற்றே ஒதுக்கியருள வேண்டும்."

"என்ன துணிச்சல்!" என்று மந்திரி குதித்தார்.

"போரில் தங்கள் தொடை பிளந்தபோது, கோமாறர் தம் பட்டு அங்கவஸ்திரத்திலிருந்து நூல் உருவிக் கொடுத்தார்; அதைக்கொண்டுதான் இவர் தைத்தார். அந்த நூல் இன்னும் உள்ளே இருக்கிறதாம். அந்நாட்டுப் பொருள் அல்லவா? அதை உருவியதும் என் மனைவியை அனுப்பிவிடுகிறேன்."

கத்தரியைக் கண்ட அரசர் தொடையை இறுகப் பொத்திக்கொண்டார். பொத்திய கை தழும்பை மெல்லத் தடவியது.

"அன்று என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வலி தெரியாமலிருக்கத் தாலாட்டுப் பாடினான் அந்தக் கிறுக்கன். கழுதை கூடத் தேவலை!" அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பினூடே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ஆணை ரத்து. ஆனால் நெல் விஷயத்தில் அவன் சொல்வது தப்புதான்!"

"தப்பாகவே இருக்கட்டும் அரசே, நூலும் இருக்கட்டும்."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். சுவரில் ஒரு வாசல் திறக்கச் சொன்னார். பொன்னாயி தாய்வீடு போய்வரச் சீர்த்தட்டு தந்து, அதன் மேல் புதுப் பட்டு அங்கவஸ்திரம் ஒன்றை வைத்தார்.

"இதைக் கோமாறனிடம் கொடுக்கச் சொல். அன்று நூல் உருவியதற்குப் பதில். தட்டை மந்திரி சுமந்து போகட்டும்."