எட்டு மயில்கள் வந்த பிறைநாள்

சடையன் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி மருதாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் மூக்கில் சேறு ஒட்டியிருந்தது.

கோரைக்குளத்தின் தென்கரையில் அவர்களுடைய வளை இருந்தது. அன்று சாயங்காலம் மழை தூறத் தொடங்கியிருந்தது. மருதாயி கிழங்கு தோண்ட மேட்டுப் பக்கம் கிளம்பினாள். நாலடி போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்குச் சொல் வால். நான் வர்றதுக்குள்ள வரைஞ்சு வையுங்க. போன தடவை மாதிரி தூங்கிடாதீங்க."

அது அவர்கள் இருவரின் விளையாட்டு. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்வார். அந்தச் சொல்லுக்கு ஈர மண்ணில், உதிர்ந்த முள்ளால், இருவரும் ஆளுக்கொன்று வரைய வேண்டும். பிறகு ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். பரிசு எதுவும் கிடையாது.

சடையன் அன்று தூங்கவில்லை. வளை வாசலில், மழை படாத பாறைக்கு அடியில், ஒரு பெரிய வாலை வரைந்தான். வால் பாறையை இரண்டு சுற்றுச் சுற்றி, வாசலைத் தாண்டி, கடைசியில் ஒரு சின்னஞ்சிறு சுண்டெலியில் போய் முடிந்தது. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று காத்திருந்தான். மேட்டில் மண் சரிந்துவிட்டது என்று காலையில் முயல்கள் வந்து சொன்னார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போனது. சடையன் வரையவில்லை. வரைய ஆசை இல்லாமல் இல்லை. காட்ட ஆள் இல்லை. சித்திரை பிறந்ததும் குளத்தை விட்டுவிட்டு வேறு காட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தான்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, தண்ணீர் குடிக்க வந்த இடத்தில், கை சும்மா இருக்காமல் அதே வாலைக் கரையில் வரைந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து நீர்ப்பறவையான நாமக்கோழி நாச்சியார் தன் பெரிய பாதங்களைத் தூக்கித் தூக்கி வைத்து அந்தப் பக்கம் வந்தாள். வால் மேல் மிதித்துவிட்டாள்.

"ஐயையோ, யாரு வாலு இது?" என்று பதறினாள். பிறகு அந்தக் கோட்டின் கூடவே நடந்து போனாள். சுண்டெலியைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கியவள் தண்ணீருக்குள் விழுந்தும் நிறுத்தவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு மற்றவர்கள் வந்தார்கள். குரங்கு வீரபாகு வந்தான். தூக்கணாங்குருவி நெசவாண்டி வந்தான். மயில் ராசப்பா, முயல் துரைசாமி, நண்டு, அணில், கீரி எல்லோரும் வந்தார்கள். சடையன் கூச்சத்தோடு விளையாட்டை விளக்கினான். இரண்டு வருடத்தில் அவன் அவ்வளவு பேசியதே இல்லை.

"நாமளும் ஆடுவோமே" என்றான் வீரபாகு. "தினமும் ஒரு சொல்."

"தினமுமா? நான் முட்டை மேல உக்காரணும்யா" என்றாள் நாச்சியார்.

"அப்ப வருசத்துக்கு ஒண்ணு."

"அதுக்குள்ள என்னைப் பாம்பு தின்னுடும்" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது தவளை தொந்தியப்பன்.

கடைசியில் மாதம் ஒன்று என்று முடிவானது. மேற்கே மூன்றாம் பிறை தெரியும் மாலையில் எல்லோரும் கரைக்கு வர வேண்டும். பிறை யார் கண்ணுக்கும் தெரியும் என்பதால் மறந்துவிட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. வரையலாம், பின்னலாம், பாடலாம், ஆடலாம். சொல் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் சொல், வால்.

"இது அநியாயம்" என்றான் தொந்தியப்பன். "வாலே இல்லாதவனுக்கு வாலா? வேணும்னே கேலி பண்றீங்க."

"உனக்கும் முன்னாடி இருந்துச்சேப்பா" என்றான் சடையன்.

தவளை தண்ணீருக்குள் முங்கிவிட்டான்.

பிறைநாள் வந்தது. முயல் துரைசாமி இலவம்பஞ்சை உருட்டி ஒரு வால் செய்து வந்தான். அது அவனைவிடப் பெரிதாக இருந்தது. வீரபாகு வாலில் தொங்கிக்கொண்டு மூன்று கரணம் போட்டான். எல்லோரும் முடித்த பிறகு தொந்தியப்பன் ஒரு தாமரை இலையில் ஏறினான். தொண்டையை உப்பிக்கொண்டு, தலைப்பிரட்டையாக இருந்த காலத்தில் தன்னை விட்டுப் போன வாலை நினைத்து ஒப்பாரி வைத்தான்.

"பின்னாலே வந்தவனே, பேசாமல் போனவனே,
முன்னாலே கால்முளைச்சா முகங்காட்ட மாட்டாயோ!"

குளமே குலுங்கிச் சிரித்தது. மீன்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. சடையனும் சிரித்தான். பிறகு அந்த இரண்டாவது வரியைத் தனக்குள் இன்னொரு தரம் சொல்லிக்கொண்டான்.

எல்லோரும் கேட்டுக்கொண்டதால் அடுத்த சொல்லைத் தொந்தியப்பனே சொன்னான். தவளை வேறு என்ன சொல்வான்? மழை என்றான்.

சடையனுக்குச் சுருக்கென்றது.

இதையெல்லாம் கோரைப் புதருக்குள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான் நரி நல்லதம்பி. ஒரு தவளைக்குக் கிடைத்த பாராட்டைப் பார்த்து மற்றவர்களின் முகம் எப்படி ஏங்கியது என்பதையும் பார்த்தான். மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டான்.

முதலில் நாச்சியாரிடம் போனான். "அக்கா, சடையண்ணன் வளைக்கு அடுத்த வளை என்னோடது. அவருக்கு எது பிடிக்கும்னு எனக்குத்தான் தெரியும். உங்க நல்லதுக்குச் சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இந்த மாசம் மயில் செஞ்சீங்கன்னா மனுசன் உருகிடுவார். தோகை விரிச்ச மயில். தலை வலது பக்கம் திரும்பியிருக்கணும்."

நாச்சியார் ஒரு கெண்டை மீனைக் கொடுத்தாள். முயல் வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தான். குரங்கு இலந்தைப்பழம் கொடுத்தான். நல்லதம்பிக்கு வயிறு வட்டமானது.

சடையனுக்கு இது எதுவும் தெரியாது. மழை என்ற சொல்லோடு அவன் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எதை வரைந்தாலும் மேட்டுச் சரிவில் போய் நின்றது. அழித்தான். மறுபடி வரைந்தான். மறுபடி அழித்தான். ஆனாலும் பிறையை எதிர்பார்த்து நாள் எண்ணினான். சித்திரையில் கிளம்ப வேண்டும் என்பது அவன் நினைவிலேயே இல்லை.

பங்குனிப் பிறை வந்தது. நாச்சியார் முதலில் முன்னே வந்து, தாமரை இலையால் மூடி வைத்திருந்ததைத் திறந்து காட்டினாள். களிமண்ணில் ஒரு மயில். தோகை விரித்திருந்தது. தலை வலது பக்கம் திரும்பியிருந்தது.

"அருமை" என்றான் சடையன்.

துரைசாமியின் முகம் வெளிறியது. அவனும் தான் மூடி வைத்திருந்ததைத் திறந்தான். பஞ்சு மயில். தலை வலது பக்கம். வீரபாகு கொண்டுவந்தது தேங்காய் நார் மயில். நண்டு மணலில் கீறியிருந்ததும் மயில். அணில், கீரி இருவருடையதும் மயில். நெசவாண்டி வேலமரத்துக் கிளையில் கோரைப்புல்லால் பின்னித் தொங்கவிட்டிருந்ததும் மயில்தான்.

எட்டாவதாக ராசப்பா வந்தான். அவனே தோகையை விரித்து, தலையை வலது பக்கம் திருப்பி நின்றான்.

"நீயுமா?" என்றாள் நாச்சியார்.

"நான் வேற எப்படி நிக்கிறதுங்க?" என்றான் ராசப்பா பாவமாக. "இதுக்கு ரெண்டு ஓணான் வேற குடுத்திருக்கேன்."

"யாருக்குக் குடுத்த?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கோரைப் புதரைத் திரும்பிப் பார்த்தார்கள். வயிறு பெருத்துப் போனதால் நல்லதம்பியால் வேகமாக ஓட முடியவில்லை. கீரி அவன் வாலைப் பிடித்து இழுத்துவந்தான்.

அடி விழவில்லை. ஆனால் சண்டை மூண்டது. "என் மயிலைப் பார்த்துத்தான் நீ செஞ்ச" என்றான் ஒருவன். "உன் மயில் பெருச்சாளி மாதிரி இருக்கு, அதை யாரு பாத்துச் செய்வா" என்றான் இன்னொருவன். என் கால் இவ்வளவு கோணலாகவா இருக்கிறது என்று ராசப்பா எல்லா மயில்களின் கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் நாச்சியார், "இந்த விளையாட்டே வேண்டாம். இத்தோட போதும்" என்று சொல்லித் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் வெட்கத்தோடு கலையத் தொடங்கினார்கள்.

சடையன் அவர்கள் போவதைப் பார்த்தான். இவர்கள் போய்விட்டால் மறுபடி அந்த வளைதான். காட்ட ஆள் இல்லாத வளை.

"வந்ததே வந்தீங்க" என்றான். "நான் செஞ்சதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

கூட்டம் நின்றது. சடையன் ஒரு காய்ந்த வாழை இலையை விலக்கினான். அடியில் மட்டமாகத் தேய்த்த களிமண். அதன்மேல் முள்நுனியால் குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள். இங்கே ஒன்று, அங்கே இரண்டு. வேறு எதுவும் இல்லை.

"இவ்வளவுதானா மழை?" என்று மெதுவாகக் கேட்டான் தொந்தியப்பன்.

"அவ கிளம்புறப்ப இவ்வளவுதான் பெஞ்சிருந்துச்சு" என்றான் சடையன். "எனக்கு மழையே பிடிக்காது. யாருக்கும் பிடிக்கணும்னும் இதைச் செய்யல. ஒரு மாசமா யோசிச்சதுல எங்கிட்ட இருந்தது இதுதான்."

நாச்சியார் திரும்பி வந்து அந்தப் புள்ளிகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சடையன் நரியைப் பார்த்தான். "நல்லதம்பி, நீ மட்டும் ஒண்ணும் கொண்டு வரலையே."

"எனக்கு என்னண்ணே தெரியும்? வரையத் தெரியாது, பின்னத் தெரியாது."

"எட்டுப் பேரும் எப்படிய்யா நம்பினாங்க? என்னதான் சொன்ன? அதை அப்படியே சொல்லிக் காட்டு."

நரி தயங்கினான். பிறகு எழுந்து, நாச்சியாரைப் போலவே பாதங்களைத் தூக்கித் தூக்கி நடந்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா தம்பி, என் வாய் பூட்டு" என்று அவள் குரலிலேயே சொன்னான். அடுத்து, பழத்தைக் கொடுக்க நீட்டிவிட்டுப் பாதி வழியில் கையை இழுத்துக்கொள்ளும் வீரபாகுவாக மாறினான். நிழலைப் பார்த்துக்கூட நடுங்கும் துரைசாமியானான். "மயில்னா எப்படிப்பா இருக்கும்?" என்று நரியிடம் போய்க் கேட்ட ராசப்பாவாக அவன் நின்றபோது, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. தன்னைப் போல நடித்துக் காட்டியதைப் பார்த்த நாச்சியார், முன்பு சுண்டெலியைப் பார்த்துச் சிரித்து விழுந்த அதே இடத்தில் மறுபடி தண்ணீருக்குள் விழுந்தாள்.

"இதுதான்யா நீ கொண்டுவந்தது" என்றான் சடையன். "இதைச் செய்யத் தெரிஞ்சுக்கிட்டு எதுக்குக் கெண்டை மீனுக்கு அலைஞ்ச?"

நல்லதம்பி வெட்கப்பட்டு முதல் முறையாகத் தலையைக் குனிந்தான். அடுத்த சொல்லை அவனே சொல்லட்டும் என்றார்கள். பசி என்றான்.

சித்திரைப் பிறைக்குப் பதின்மூன்று பேர் வந்தார்கள். பதின்மூன்று பசி வந்தது. ஒன்றுபோல இன்னொன்று இல்லை. சடையன் ஊரை விட்டுப் போகவில்லை. அவனும் ஒரு பசியை வரைந்திருந்தான்.

அந்த மாதக் கோடை மழையில் களிமண் மயில் கரைந்தது. நார் மயிலும் பஞ்சு மயிலும் ஊறி நீரோடு போயின. நெசவாண்டி பின்னிய புல்மயில் மட்டும் இன்னும் வேலமரத்தில் தொங்குகிறது. அதன் வயிற்றுக்குள் ஒரு தினைக்குருவிக் குடும்பம் குடியிருக்கிறது.

சொல் ஊருக்கெல்லாம் ஒன்றாக இருக்கலாம். அதற்குப் பதிலை அவரவர் தம் மனத்துக்குள்தான் தேட வேண்டும், அடுத்தவர் மெச்சுவதில் தேடக் கூடாது.