எதற்கும் பொருந்தும் இணைப்பான்

நீலவேலி நாட்டில் ராஜாவும் இருந்தார், கம்ப்யூட்டரும் இருந்தது. ராஜாவின் பெயர் கோப்பெருநம்பி. நல்லவர்தான். கனமான வார்த்தை எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார், அது ஒன்றுதான் குறை.

நாட்டுக்கு ஒரே ஒரு அணை. அதில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது அரண்மனை டேட்டாபேஸில் நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகும். அதைப் பார்த்து மதகைத் திறக்கும் புரோகிராமை அம்பலவாணன் எழுதிக்கொண்டிருந்தான். சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பவனும் அவன்தான். புரோகிராம் கேட்பதை டேட்டாபேஸிடம் சொல்லி, பதில் வாங்கி வர நடுவில் ஒரு இணைப்பான் வேண்டும். அதில்தான் வம்பு வந்தது.

அந்த டேட்டாபேஸுக்கென்றே செய்த சொந்த இணைப்பான் வேண்டும் என்றான் அம்பலவாணன். அது வேகமானது. அணை நிரம்பப் போகிறது என்றால், யாரும் கேட்காமலே டேட்டாபேஸ் கூப்பிட்டுச் சொல்லும் வசதியும் அதன் வழியாகக் கிடைக்கும்.

மந்திரி கோளரிநாதர் குறுக்கே வந்தார். அவர் ஒரு வரி புரோகிராம்கூட எழுதியதில்லை. ஆனால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை.

"நாளைக்கே டேட்டாபேஸை மாற்றினால் என்ன செய்வான் இவன்? பொது இணைப்பான் வாங்குவோம். எந்த டேட்டாபேஸுக்கும் பொருந்தும். தொலைநோக்கு வேண்டும் அரசே."

தொலைநோக்கு என்ற வார்த்தை ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. தலையாட்டிவிட்டார்.

ஐப்பசி மழை கொட்டியது. எல்லா டேட்டாபேஸுக்கும் பொதுவாக உள்ளது எதுவோ, அது மட்டும்தான் பொது இணைப்பானுக்குத் தெரியும். தானே கூப்பிட்டுச் சொல்வது அதில் சேராது. புரோகிராம் திரும்பத் திரும்பக் கேட்டது. இணைப்பான் ஒவ்வொரு கேள்வியையும் மொழிபெயர்த்து, ஒவ்வொரு பதிலையும் மொழிபெயர்த்து, ஆற அமர வந்து சேர்ந்தது. அணை நிரம்பப் போகிறது என்ற பதில் வந்து, புரோகிராம் மதகைத் திறந்தபோது தண்ணீர் கரையைத் தாண்டியிருந்தது. அணையை ஒட்டிய கீழூரில் முப்பத்திரண்டு வீடுகளுக்குள் வெள்ளம். சனங்கள் இரண்டு நாள் கோயில் மண்டபத்தில் கிடந்தார்கள். மூன்றாம் நாள் அரண்மனைக்கு வந்து நின்றார்கள்.

புரோகிராம் எழுதியவன் சரியில்லை என்று மந்திரி கைகாட்டினார். ராஜா அம்பலவாணனைக் கூப்பிட்டு, மூன்று நாளில் அதே பொது இணைப்பானை வைத்துக்கொண்டே சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பலாம் என்றார். முடியாத காரியம் என்று அவனுக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டுப் போனான்.

கெடு முடிந்த அன்று சபைக்கு வந்தான். கையில் ஒரு கிரீடம். இணைப்பான் சரியாகவில்லை, ஆனால் மந்திரியின் தொலைநோக்கு எனக்கு விளங்கிவிட்டது, அதன்படியே அரசருக்கு ஒரு கிரீடம் செய்து வந்திருக்கிறேன் என்றான். ராஜா ஆசையாகக் குனிந்து வாங்கிக்கொண்டார். கிரீடம் நெற்றியில் நிற்கவில்லை, மூக்கைப் போய் இடித்தது. சபையே உதட்டைக் கடித்துக்கொண்டது.

கிரீடத்துக்குள்ளிருந்து ராஜாவின் குரல் வந்தது. "இது என் அளவே இல்லையே."

"பொதுக் கிரீடம் அரசே. எந்தத் தலைக்கும் பொருந்தும். மந்திரியின் தலைக்குக்கூட."

"என் கிரீடம் எதற்கு மற்றவர் தலைக்குப் பொருந்த வேண்டும்?"

"நாளைக்கே ராஜா மாறினால்?"

ராஜா கிரீடத்தைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. "ராஜா மாறப் போகிறார் என்று உன்னிடம் யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை அரசே. டேட்டாபேஸ் மாறப் போகிறது என்றும்தான் யாரும் சொல்லவில்லை."

ராஜா மந்திரியைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். அணைக்குச் சொந்த இணைப்பானையே போடச் சொன்னார். அப்படியானால் பொது இணைப்பான் வீண்தானா என்று கேட்டார்.

வீணில்லை என்றான் அம்பலவாணன். பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு டேட்டாபேஸ் வைத்திருக்கின்றன, அவர்களிடம் அறிக்கை வாங்க அதுதான் சரி, அங்கே பதில் தாமதமானாலும் யாரும் முழுகிப்போக மாட்டார்கள் என்றான்.

என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டார்.

"இந்த மழைக்காலம் முழுக்க மந்திரி கீழூரில் குடியிருக்கட்டும் அரசே. அங்கிருந்து பார்த்தால் தொலைவு இன்னும் நன்றாகத் தெரியும்."

ராஜா உத்தரவிட்டார். அன்று மாலையே கோளரிநாதர் அம்பலவாணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

"சொந்த இணைப்பானைப் போட்டாகிவிட்டதா, தம்பி?"