இல்லை என்று சொல்லாத ஹெல்மெட்

பொள்ளாச்சிப் பக்கம் சேற்றுக்காட்டில் பைக் பந்தயம் வைத்தார்கள். நடத்துபவர் ரத்தினசபாபதி, விலை உசத்தி என்பதை மட்டும் பார்த்து வாங்கிய வெளிநாட்டு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி உலா வந்தவர், ஒர்க்‌ஷாப்காரி மேகலாவைக் கண்டதும் நின்றார்.

"ஏம்மா, இந்த மலிவு ஹெல்மெட்டோட உன்னைப் பந்தயத்துல விடமாட்டேன்."

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குதுங்க சார். கனமில்லீங்க, தலைக்கும் கச்சிதமுங்க."

"அப்ப என்னுதைவிட உசத்தியா? ரெண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாது, இங்கேயே நிரூபி. நிரூபிச்சா வண்டி எடுக்கலாம்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேகலா தன் ஹெல்மெட்டின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒரே கேள்விங்க சார். உங்களுதைவிட என்னுது நல்லதுன்னு ஒத்துக்கறீங்களா?"

ரத்தினசபாபதி இல்லவே இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினார். தொளதொளத்த ஹெல்மெட் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மூக்கு மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது.

மேகலா தலையைத் திருப்பினாள். அவளுடைய ஹெல்மெட்டும் கூடவே திரும்பியது.

"என்னுது நான் சொல்றதைக் கேக்குதுங்க. நீங்க இல்லைங்கறீங்க, உங்க ஹெல்மெட் இல்லைன்னு சொல்ல மாட்டேங்குதே."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சரி, போ என்று தலையாட்டும்போது ரத்தினசபாபதி ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.