செம்பன் இறக்கிய நாற்பத்து மூன்று பலா

காட்டுக்குள் டவர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லா விலங்குகளிடமும் ஆளுக்கொரு போன் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. காட்டுப்பன்றி அதைக்கொண்டு கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

அதனால் குளக்கரை மருதமரத்தில் மரங்கொத்தி வகுப்பு நடத்த ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும் பறவை அது. போனைத் தட்டக் கற்றுக்கொடுக்க வேறு யார் கிடைப்பார்கள்?

“நல்லாக் கேட்டுக்குங்க! நம்ம எல்லாருக்கும் சேர்த்துப் பொதுப் பெட்டின்னு ஒண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதுல இருக்கிற கோப்பு உங்க போனுக்கு வந்தா பதிவிறக்கம். உங்க போன்ல இருக்கிறது அங்க போனா பதிவேற்றம். அவ்வளவுதான்!” என்றது மரங்கொத்தி. “பழுத்த பலா மரம் எங்கெங்கே இருக்குன்னு படத்தோட ஒரு கோப்பு போட்டிருக்கேன். எல்லாரும் இறக்கிக்குங்க!”

சொல்லி முடிக்கவில்லை, செம்பன் என்ற குரங்கு மானைத் தள்ளி, முயலைத் தாண்டி, முதல் ஆளாகப் போனைத் தட்டியது. செம்பனுக்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும். கன்னப் பைக்குள் அடைத்துக்கொண்டது தன்னுடையது, வெளியே இருப்பது அடுத்தவனுடையது.

“பலா வந்துடுச்சு! பெட்டி காலி! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!” என்று குதித்தது.

கல்லாயி ஆமை நிதானமாகத் தன் போனைத் தட்டியது. “எனக்கும் வந்துடுச்சே தம்பி” என்றது.

செம்பனுக்கு முகம் இன்னும் சிவந்தது. “திருட்டு! டீச்சர், இந்த அக்கா என் பலாவை எடுத்துட்டாங்க!”

“டேய், உனக்கு வந்தது நகல்டா! அசல் பெட்டியிலேயே இருக்கு. ஆயிரம் பேர் இறக்கினாலும் தீராது!”

செம்பன் நம்பவில்லை. எடுத்தால் தீராத பழத்தை அது எந்த மரத்திலும் பார்த்ததில்லை. அடுத்ததாக மரங்கொத்தி, “இப்போ உங்க போன்ல இருந்து ஒண்ணை ஏத்துங்க. செம்பா, நீ அந்தச் சுனைக்குப் போன வழியை ஏத்து” என்றது.

எல்லோரும் செம்பனையே பார்த்தார்கள். காரணம் இருந்தது. கோடை முற்றி, குளத்துத் தண்ணீர் ஆமையின் முதுகுக்குக் கீழே இறங்கிவிட்டது. மலைக்கு அப்பால் வற்றாத சுனை ஒன்றைக் கண்ட ஒரே ஆள் செம்பன்தான். போகும்போது தன் அழகு முகத்தை வீடியோ எடுத்துக்கொண்டே போனதில், பின்னால் வழியும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

“ஏத்தினா எங்கிட்ட இருக்காதே! குளம் வத்தினதும் நான் மட்டும் போய்க் குடிப்பேன்” என்றது செம்பன் கூச்சமே இல்லாமல்.

“உங்கிட்டயும் இருக்கும்டா!”

“சும்மா கதை விடாதீங்க டீச்சர்!”

மரத்து உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு செம்பன் ஒரு வேலை செய்தது. பொதுப் பெட்டியைக் காலி செய்தே தீருவது என்று பலாவை மறுபடி மறுபடி இறக்கியது. பலா 2, பலா 3, பலா 4 என்று போனில் வரிசை நீண்டது. விரல் ஓயவில்லை. நாற்பத்து மூன்றாவது பலா வரும்போது போன் என்னவோ கேட்டது. செம்பன் படிக்கவே இல்லை. அத்தனை நேரமும் ‘சரி’, ‘சரி’ என்று அழுத்திய விரல் அதற்கும் ‘சரி’ என்று அழுத்தியது.

‘இடம் போதவில்லை. பழைய வீடியோவை அழிக்கவா?’ என்றுதான் போன் கேட்டிருந்தது. சுனைக்குப் போகும் வழி அழிந்துபோனது.

பொதுப் பெட்டியில் பலா அப்படியே இருந்தது.

செம்பன் போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது. “வழி ஞாபகம் இருக்கா?” என்று மான் பதறியது.

“இல்லியே! நான் என் மூஞ்சியைத்தானே பார்த்துக்கிட்டுப் போனேன்!”

வேறு வழியில்லை. சுனையைத் தேடி எல்லோரும் செம்பன் பின்னால் கிளம்பினார்கள். கல்லாயி மட்டும் சேற்றிலேயே இருந்தது. “உங்க வேகத்துக்கு என்னால வர முடியாது. வழி கிடைச்சா ஏத்தி விடு தம்பி. நான் மெதுவா வந்துடறேன்” என்றது. அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் செம்பனுக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் அலைந்தார்கள். இரண்டு முறை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். காட்டுப்பன்றி திட்டிய திட்டு எழுதும்படியாக இல்லை. மூன்றாம் நாள் மாலை, பாறை இடுக்கில் சுனை பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் விழுந்தடித்துத் தண்ணீரில் வாய் வைத்தார்கள்.

செம்பன் வைக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, டவர் கிடைக்கும் இடம் தேடிப் பாறை மேலிருந்த அத்தி மரத்தில் ஏறியது. இந்த முறை நாற்பத்து மூன்று பலாவையும் அழித்துவிட்டு, குளத்திலிருந்து வழியைப் படம் பிடித்திருந்தது. பாதித் திரையில் வழி, பாதியில் அதன் முகம். பழக்கம் விடவில்லை.

பத்து விழுக்காடு ஏறியது. நாற்பது ஏறியது. எழுபதும் ஏறியது. போகிறதே, கையை விட்டுப் போகிறதே! செம்பனின் விரல் ‘நிறுத்து’ பக்கம் நகர்ந்தது. சேற்றில் தனியாக உட்கார்ந்திருக்கும் கல்லாயியை நினைத்துக்கொண்டு விரலை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டது.

நூறு!

உடனே தன் போனைத் திறந்து பார்த்தது. வீடியோ அங்கேயே இருந்தது.

“இருக்கு! எங்கிட்டயும் இருக்கு!” என்று கத்திக்கொண்டே இறங்கி வந்து, அப்புறம்தான் தண்ணீர் குடித்தது.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலை, முதுகில் போனோடு கல்லாயி சுனைக்கு வந்து சேர்ந்தது. செம்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது.

“தள்ளிப் போ தம்பி!” என்றது கல்லாயி. “பத்தொன்பது நாளா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வந்தேன். இனிமே கொஞ்சம் தண்ணியைப் பார்க்கிறேன்.”

தெரிந்ததை நாலு பேருக்குக் கொடுப்பவனிடம் அது குறைவதே இல்லை, தனக்கு மட்டும் என்று பூட்டி வைப்பவன்தான் அதைத் தொலைத்துவிட்டு நிற்கிறான்.