கடம்பன் சொல்லாத ‘ஆகும்’

அந்தக் காலத்தில் நாயும் பேசும், குருவியும் பேசும். மனுஷன்தான் கொஞ்சம் குறைவாகப் பேசுவான். அப்போது மலையடிவாரத்தில் நடந்த கதை இது. இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது, விலா நோகும். ஆனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். அது வர நேரமாகும். அதுவரை ஒரு தாய்நாய் தன் குட்டிக்காகப் பயந்துகொண்டே இருக்கும். கூட உட்கார்ந்து நாமும் கொஞ்சம் பயப்படுவோம்.

அந்தத் தாய்நாயின் பெயர் சாம்பி. நான்கு குட்டி போட்டவள். இரண்டை மழைவெள்ளம் கொண்டுபோனது. மூன்றாவது, வெந்த கோழி எலும்பைக் கடித்து, சில்லு தொண்டையில் குத்தி, அவள் கண்ணெதிரிலேயே போனது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. மொட்டு என்று பெயர். காதுதான் பெரியது, மூளை இன்னும் வரவில்லை. கல், குச்சி, செருப்பு, எது கிடைத்தாலும் வாயில் போட்டுக்கொள்வான். அவன் வாய் அசைந்தாலே சாம்பி ஓடி வந்துவிடுவாள்.

“என்னடா வாயில?”

“ஒண்ணுமில்லம்மா.”

“திற.”

“நாக்குதான்மா.”

“திறடா!”

நாக்குதான். ஆனாலும் அவள் இரண்டு முறை பார்ப்பாள்.

எலும்பை முகர்ந்து பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். அப்போது நாய்களுக்கு மூக்கு வேட்டைக்கு மட்டும்தான். ஒருவர் கையால் கொடுத்த சாப்பாட்டில் மூக்கை வைப்பது மகா கேவலம். கொடுத்த கையைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும். பசியில் செத்தாலும் சாவார்களே தவிர, முகர மாட்டார்கள். அப்படி ஒரு மானம்.

அதனால் சாம்பி முழுக்க நம்பியது கடம்பனை. அடிவாரத்தில் ஏழு குடிசைக்கும் ஒரே அடுப்பு. அந்த அடுப்பில் சமைப்பவன் கடம்பன். குட்டி செத்த நாளிலிருந்து அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஒவ்வோர் எலும்பாகக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, ‘ஆகும்’ அல்லது ‘ஆகாது’ என்பான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் மொட்டுவுக்கு எதுவும் போகாது.

“இது ஆகுமா, கடம்பண்ணே?”

“ஆகாது. நெருப்புல வெந்தது. காஞ்ச மூங்கிலு மாதிரி ஈட்டி ஈட்டியாப் பிளக்கும்.”

“அந்தக் கொம்பு?”

“நகத்தால அழுத்திப் பாத்தேன், பதியவே இல்ல. கல்லு. கடிச்சா இவன் பல்லு போயிடும்.”

“அப்ப எதுதான் ஆகும்?”

“இதோ, கடமான் முட்டி. பச்சை. மேல குருத்தெலும்பு இருக்கு, நகம் பதியுது. இவன் வாய்க்குள்ள போகாத அளவு பெரிசு. ஆகும். ஆனா நீ பக்கத்திலயே உக்காரு. தேஞ்சு சின்னதாயிட்டா வாங்கிடு.”

சாம்பி உட்கார்ந்திருப்பாள். கண்ணைக்கூட இமைக்காமல்.

இதையெல்லாம் தினமும் அடுப்புக்குப் பக்கத்து இலுப்பை மரத்திலிருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். கரிச்சான் குருவி. கருகருவென்று உடம்பு, வாலில் இரண்டு நீளக் கம்பி, மீசை முளைக்காத வயசு. அவனால் பேசமுடியாத குரலே கிடையாது. குரங்குக் கிழவன் மாதிரி ‘லொக் லொக்’ என்று இருமி, கிழவன் பெண்டாட்டியைக் கஷாயம் காய்ச்ச வைப்பான். பாம்பு மாதிரி சீறி அணிலை மரத்திலிருந்து விழ வைப்பான். தவளை மாதிரி கத்தி, கொக்கை வெறும் பாறையில் தவம் கிடக்க வைப்பான். அத்தனை குரல் இருந்தும், அவனுடைய சொந்தக் குரல் எது என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஏழு குடிசைக்கும் விருந்து. சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போய்விட்டார்கள். கடம்பன் எலும்பையெல்லாம் பாறைமேல் கொட்டினான். வெந்தது, வேகாதது, கோழி, கடமான் எல்லாம் ஒரே குவியல்.

“பானையைக் கழுவிட்டு வந்து பிரிச்சுத் தர்றேன். அதுவரை ஒண்ணையும் தொடாத, சாம்பி.” சொல்லிவிட்டு ஓடைக்கு இறங்கினான். ஓடையில் தண்ணீர் இரைகிற இரைச்சலில், மேலே பேசுவது எதுவும் அவன் காதில் விழாது.

மொட்டு சிணுங்கினான். “பசிக்குதும்மா.”

“இரு கண்ணு. அண்ணன் வரட்டும்.”

“அந்தச் சின்னது மட்டும்மா.”

“இருன்னு சொன்னேன்ல?”

மேலே கரிச்சானுக்கு நாக்கு அரித்தது. சாம்பி எலும்பைத் தொட வேண்டும், கடம்பன் வந்து அவளைத் திட்ட வேண்டும், இவள் ‘நீதானே சொன்னே’ என்று திருதிருவென்று விழிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் திட்டம். எலும்பு குத்தும் என்பது அவனுக்குக் கேட்டுப் பழகிய பாட்டு. அதற்கு அர்த்தம் உண்டு என்று தோன்றியதில்லை. தொண்டையைச் செருமினான். கடம்பன் பேசுமுன் எப்படிச் செருமுவானோ, அச்சாக அப்படியே.

“சாம்பி! அந்தச் சின்னது ஆகும். குடு, பாவம், அழுவுறான்.”

சாம்பி காதைத் தூக்கினாள். ஓடைப் பாதையில் ஆள் தெரியவில்லை, ஆனால் குரல் கடம்பனுடையது. செருமல்கூட அவனுடையது. ஆனாலும் அவள் எலும்பைத் தொடவில்லை.

“பாக்காமலே சொல்றியே, அண்ணே?”

“கொட்டும்போதே பாத்துட்டேன். ஆகும்னா ஆகும்.”

முகர்ந்துவிடலாமா? மூக்கு எலும்புக்கு ஒரு சாண் தூரம் வரை போனது. சே, இத்தனை நாள் சோறு போட்ட கை. வெட்கத்தோடு மூக்கை இழுத்துக்கொண்டாள். காலால் அந்த எலும்பை மொட்டுவிடம் தள்ளினாள்.

மொறுக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

மொட்டு வாயைத் திறந்தான், மூட முடியவில்லை. முன்காலால் கன்னத்தைப் பிறாண்டினான். எச்சில் நூலாக வடிந்தது, அதில் சிவப்பு.

“கடம்பண்ணே! ஓடி வா!”

“இதோ வந்துட்டேன்!” என்றது குரல்.

யாரும் வரவில்லை.

“அண்ணே, மூச்சு இழுக்குது! சீக்கிரம்!”

“இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்!”

பாதை காலியாகக் கிடந்தது. சாம்பி குட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். நாக்கால் நக்கினாள். நக்கி என்ன ஆகப்போகிறது? மூன்றாவது குட்டியையும் இப்படித்தான் நக்கினாள். மரத்தின் மேலே கரிச்சான் கிளைக்குக் கிளை தாவினான். என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில், தனக்குத் தெரிந்த சத்தத்திலேயே பெரிய சத்தத்தை எடுத்து விட்டான். சிறுத்தையின் உறுமல். மலையே அதிர்ந்தது.

அது ஓடை இரைச்சலையும் தாண்டிப் போனது. கழியைத் தூக்கிக்கொண்டு கடம்பன் மேடேறி ஓடி வந்தான். சிறுத்தையைத் தேடியவன் மொட்டுவைப் பார்த்தான். கழியை எறிந்துவிட்டு மண்டியிட்டு, குட்டியின் வாயைப் பிளந்தான். சில்லு மேலண்ணத்தில் குறுக்கே செருகி நின்றது. வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு விரலால் பிடித்து, மெல்ல, மெல்ல, இழுத்தான்.

மொட்டு மூச்சு விட்டான். பிறகு அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும்தான் சாம்பிக்குக் கால் தரையில் பட்டது.

கடம்பன் ஒரு கைப் பச்சிலையை உருவி வாயில் அடைத்து மென்று அரைக்க ஆரம்பித்தான், குட்டியின் காயத்தில் பிழிந்து விட. சாறு சிந்தக்கூடாது என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். சரியாக அந்த நேரம் பார்த்துச் சாம்பி வெடித்தாள்.

“ஆகும்னு சொன்னியே!”

“ம்ம்?” என்றான் கடம்பன்.

“பாத்துட்டேன்னு சொன்னியே!”

“ம்ம்ம்!” தலையை ஆட்டினான்.

“தலைய வேற ஆட்டுறியா? மூணு தடவ ‘இதோ வந்துட்டேன்’னு சொல்லிட்டு, செத்து முடியட்டும்னு நின்னியா? உன்ன நம்பித்தான் நான் மூக்கக்கூட வைக்கல. என் பிள்ளை உசுரு உனக்கு விளையாட்டா?”

கடம்பனுக்குக் கண் பிதுங்கியது. துப்பினால் மருந்து போச்சு, துப்பாவிட்டால் உறவு போச்சு. “ம்ம்! ம்ம்ம்!” என்று கையை விரித்தான். சாம்பிக்கு அது குற்றவாளியின் முழியாகவே தெரிந்தது.

“போதும். இனிமே உன் அடுப்பும் வேணாம், உன் எலும்பும் வேணாம். மொட்டு, எழுந்திரு. காட்டுக்குப் போறோம்.”

காட்டில் நிஜச் சிறுத்தை இருந்தது. அது சாம்பிக்கும் தெரியும், கடம்பனுக்கும் தெரியும். காயம்பட்ட குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அவள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தடி போயிருப்பாள். பின்னாலிருந்து குரல் வந்தது. அழுகையில் உடைந்த குரல்.

“சாம்பி, போகாத. தப்பு என்னுதுதான். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். குத்தும்னு தெரியாது. சாமி சத்தியமா, இனிமே ஆகும்னு வாயவே திறக்க மாட்டேன்.”

சாம்பி நின்றாள். குட்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘இப்பவாவது ஒத்துக்கிட்டியே’ என்று கேட்கத் திரும்பினாள்.

கடம்பன் அங்கேயே மண்டியிட்டிருந்தான். கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. உதடு தையல் போட்டது போல மூடியிருந்தது. அந்த மூடிய வாயோடு, தன் குரல் எங்கிருந்து மன்னிப்புக் கேட்கிறது என்று அவனே முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன மன்னிச்சிடு, சாம்பியக்கா,” என்று அழுதது அவன் குரல்.

கடம்பன் அவளை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவளைவிட இருபது வயசு மூத்தவன்.

சாம்பி தலையை ஒரு பக்கம் சாய்த்து அந்த மூடிய வாயைப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். காற்று மரத்திலிருந்து வீசியது. அதில் கடம்பனின் புகைநாற்றம் இல்லை, ஈரச் சிறகும் இலுப்பைப் பூவும்தான் மணத்தன. மூக்கு இரண்டு முறை சுருங்கியது. மெதுவாக, மிக மெதுவாக, அவள் கண் கிளைமேல் ஏறியது.

“அடப்பாவி,” என்றாள்.

கடம்பனால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. பச்சிலைச் சாறு மூக்கு வழியாகவே வந்துவிட்டது.

அன்று முதல்தான் எவ்வளவு பிரியமான கை கொடுத்தாலும் நாய் எலும்பில் முதலில் மூக்கை வைக்கிறது. ‘ஆகும், தின்னு’ என்று நாம் சொன்னால், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, சொன்னது நம் வாய்தானா என்று பார்க்கிறது.