அடுப்பு எரியும் வீடு

குரு என்றால் காவியும் தாடியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஹெப்சிபா டீச்சர் ரப்பர் செருப்பு போட்டவர், கோபக்காரர், திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரத்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. சீடர் கோமதிநாயகம் அவரைவிட மூத்தவர். ராணுவ ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு படிக்க வந்தவர்.

ஒரு காலை நாயகம் டீச்சர் முன்னால் ஒரு கண்ணாடித் தட்டை வைத்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"டீச்சர், இந்த வைரஸ் ரத்தத்துல இருக்கிற எல்லா வெள்ளணுவுக்குள்ளயும் போகல. சர்க்கரையை எரிச்சுக்கிட்டு மும்முரமா வேலை செய்யுதே, அதுக்குள்ளதான் போகுது. சும்மா கெடக்கிறதைத் தொடவே இல்ல."

"ஏன் அண்ணாச்சி?"

"அது கையை வீசிக்கிட்டு வார விருந்தாளி. அடுப்பு எரியிற வீடாப் பாத்து நுழையுது. அங்கதான் அது பெருகுறதுக்குத் தீனி."

"சரி, அதுக்கு?"

"அடுப்பை அணைக்கிற மருந்தை ஊத்தினேன். ஒரு வெள்ளணுகூடச் சாகல."

டீச்சர் பாராட்டவில்லை.

"சட்டைப் பையில என்ன குப்பி?" என்றார்.

மனிதர் தலை குனிந்தார். அதே மருந்துதான். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்காதது. அவர் மகள் செண்பகவல்லி நர்ஸ். அந்த வைரஸ் வந்தவர்களைச் சேர்த்திருக்கும் வார்டில் நாளை மறுநாள் வேலைக்குச் சேருகிறாள். அவளுக்குத் தெரியாமல் காப்பியில் கலந்துவிட நினைத்திருந்தார்.

"ஒரே பொண்ணு டீச்சர்."

டீச்சர் இரண்டு தட்டுகளில் நுரையீரல் செல்களை வளர்த்து, கொஞ்சம் வைரஸை விட்டு, வெள்ளணுக்களைக் காவலுக்குப் போட்டார். ஒரு தட்டில் மட்டும் நாயகத்தின் மருந்தை ஊற்றினார்.

வல்லி வேலைக்குப் போகும் நாள் காலையில் டீச்சர் மைக்ரோஸ்கோப்பை நாயகத்தின் பக்கம் தள்ளினார்.

மருந்து ஊற்றிய தட்டில் வெள்ளணுக்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அடுப்பு அணைந்து அவை சும்மா கிடந்ததால், வைரஸ் நுரையீரல் செல் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அடுத்த தட்டில் வெள்ளணுக்களில் பாதி வைரஸோடு சண்டை போட்டுச் செத்துக் கிடந்தன. நுரையீரல் செல்கள் பிழைத்திருந்தன.

நாயகத்துக்குக் கோபம் வந்தது. "அப்போ அடுப்பு எரியட்டும், அது உள்ள வரட்டுங்கீயளா?"

"வரட்டும். வந்து பாக்கட்டும்."

"டீச்சர், அவ என் மக!"

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வல்லிதான்.

"அப்பா, கெளம்பிட்டேன். போகாதன்னு மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. நான் போகத்தான் போறேன்."

டீச்சர் போனைப் பிடுங்கினார்.

"ஏட்டி வல்லி, மாஸ்க்கு, கவச உடையெல்லாம் தாராங்களா?"

"தாராங்க டீச்சர்."

"சாப்டியா?"

"இல்ல டீச்சர், நேரமாச்சு."

"நேரமானா ஆகட்டும். உக்காந்து வயிறு முட்டச் சாப்டுட்டுப் போ. எவன் வாரான்னு பாத்துக்கிடலாம்."

நாயகம் பையிலிருந்த குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.